முந்திச் சொன்ன டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் செய்தி முதலில் வரும், சம்பவம் பிறகுதான் நடக்கும். அதற்குக் காரணம் சயின்ஸ் டீச்சர்.

அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் விருத்தாசலத்தில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டையும் என்னால் தாங்க முடியாது. அறுபதுகளில் அந்தப் பெண்கள் பள்ளியில் நான் தையல் டீச்சராக இருந்தேன். அவர் எனக்கு நாலைந்து வருடம் மூத்தவர். குள்ளம். வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. வாயில் ஒரு கிராம்பை அடக்கியிருப்பார். நடந்து வரும்போதே பேச ஆரம்பித்துவிடுவார், நாம் இருக்கும் இடத்துக்கு வந்து சேரும்போது பாதிக் கதை முடிந்திருக்கும்.

நல்ல செய்தி ஒன்று வரக்கூடும் என்று மூக்கில் வாசனை பட்டால் போதும், அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. வந்துவிட்டது என்றே சொல்லிவிடுவார். கெட்ட செய்திக்கு அவரிடம் இடமே இல்லை. யாராவது பரீட்சையில் கோட்டை விட்டால், "அக்டோபர்ல எழுதிப் பாஸாயிட்டா" என்பார். அப்போது மே மாதமாக இருக்கும்.

"ஏன் டீச்சர் இப்பிடி அவசரப்படுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நல்ல சேதி வாசல்ல வந்து நிக்கும் டீச்சர். நாமதான் உள்ள வான்னு கூப்புடணும். கூப்புடலன்னா அடுத்த வூட்டுக்குப் போயிடும்" என்றார்.

என்னுடைய வேலை அப்போது நிரந்தரம் ஆகவில்லை. ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறை வந்தால், ஜூனில் மறுபடி கூப்பிடுவார்களா என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் மத்தியானம் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைகிறேன், எல்லோரும் கற்கண்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குப் பர்மனென்ட் ஆகிவிட்டதாம். ஆர்டர் எங்கே என்று கேட்டால், "வந்துடும், வந்துடும், மொதல்ல வாயத் தெற" என்று சயின்ஸ் டீச்சர் ஒரு கற்கண்டைத் திணித்தார். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் நான் அவரிடம் ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் வீட்டில் மாமியாருக்கு விஷயம் எப்படியோ போய், அவர் என்னை நடத்தும் விதமே மாறிவிட்டது. நானும் என்னை அறியாமல் நன்றாகத் தூங்க ஆரம்பித்தேன். ஆர்டர் அடுத்த வருடம்தான் வந்தது. வந்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை, சந்தோஷப்பட்டு முடித்தாகிவிட்டது.

அவருடைய கணவர் ரயில்வேயில் குமாஸ்தா. எங்கோ மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் வேலை. "அடுத்த மாசம் இங்க ஜங்ஷனுக்கே மாத்திட்டாங்க" என்று அவர் சொல்லாத மாதம் இல்லை. வாசலில் ஈஸிசேர் கூட வாங்கிப் போட்டு வைத்திருந்தார். அதில் பூனைதான் படுத்திருக்கும். யாரும் அவரைக் கேலி செய்ததில்லை. நானும் செய்ததில்லை, வாய் துடித்தாலும்.

நீச்சல் சங்கம் வந்த கதை இப்படி. பள்ளிதோறும் ஏதாவது ஒரு விளையாட்டுச் சங்கம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எங்களுக்கு மைதானம் கிடையாது. ஹெட்மிஸ்ட்ரஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "நீச்சல் வெச்சிடலாம். நம்ம புள்ளைங்க அத்தினியும் கிணத்துலயே பொறந்ததுங்க" என்றார் சயின்ஸ் டீச்சர். அந்த வாரமே பிரேயரில், நமது பள்ளி நீச்சல் சங்கம் மாவட்டத்திலேயே சிறந்தது என்று அறிவித்தும்விட்டார். சங்கத்தில் அப்போது ஒருவரும் சேர்ந்திருக்கவில்லை. டீச்சருக்கே நீச்சல் தெரியாது. மணிமுத்தாற்றில் கணுக்கால் நனைத்தாலே புடவையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடி வருகிறவர்.

ஆனாலும் பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு வக்கீல் தன் தோட்டத்துக் கிணற்றைத் தந்தார். சுற்றி மதில் இருந்ததால் பெற்றவர்களும் வாய் திறக்கவில்லை. பெரிய வட்டக் கிணறு. படி இறங்கி முடியும் இடத்தில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, அகலமாக ஒரு கல் நீட்டிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை மத்தியானம் பெண்கள் பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு குதிப்பார்கள். டீச்சர் மேலே குடை பிடித்துக்கொண்டு நின்று கத்துவார். நான் துணிகளுக்குக் காவல்.

வட்டக் கிணற்றில் பந்தயம் வைப்பது லேசு இல்லை. சுவரோரமாக மூன்று சுற்று சுற்றி வந்து கல்லைத் தொட வேண்டும் என்று ஆரம்பத்தில் வைத்தார்கள். முடிந்ததும் தினமும் சண்டை. நான்தான் முதலில் தொட்டேன், இல்லை நான்தான் என்று தலைமுடியைப் பிடித்துக்கொள்வார்கள். மேலே நிற்கும் டீச்சருக்குக் கீழே யார் கை எங்கே பட்டது என்று தெரியாது. அதனால் ஒரு சட்டம் போட்டார்.

"தொட்டாச் செல்லாது. கல்லு மேல ஏறி, ரெண்டு கையையும் தூக்கி நிக்கணும். எவ மொதல்ல நிக்கிறாளோ அவதான் ஜெயிச்சவ."

அதற்குப் பிறகு சண்டை இல்லை. கல்லில் எம்பி ஏறுவதற்கென்றே பெண்கள் தனியாகப் பழகினார்கள். இந்தச் சட்டம்தான் எங்கள் சங்கத்தின் பெருமை. நாங்கள் வேறு நீச்சல் பந்தயம் எதையும் பார்த்தது கிடையாது.

திங்கட்கிழமை பிரேயரில் 'நீச்சல் சங்கச் செய்திகள்' வாசிக்கப்படும். தாள் ஏதும் கையில் இருக்காது. கிராம்பை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு மளமளவென்று சொல்வார். இன்னார் மூன்று சுற்றில் வென்றார், இன்னார் மூச்சடக்குவதில் சாதனை படைத்தார், சிதம்பரத்துப் பள்ளி நம்மைப் பார்த்துப் பயந்து போட்டிக்கு வர மறுத்தது. சிதம்பரத்துக்காரர்களை நாங்கள் கூப்பிட்டதே இல்லை. பிள்ளைகள் கை தட்டுவார்கள். வெள்ளாற்றுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வருகிற பெண்கள் அவர்கள். தங்கள் பெயரை யாராவது மேடையிலிருந்து சொல்லிக் கேட்பது அந்தப் பத்து நிமிஷத்தில்தான்.

பரிசு கொடுக்கக் காசு கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் பீங்கானுக்கா பஞ்சம்? மாணவி ஒருத்தியின் அப்பா பீங்கான் பட்டறை ஒன்றில் சித்திரம் எழுதுகிறவர். வாய் கோணியது, அடி சாய்ந்தது என்று கழித்துப் போட்ட கோப்பைகளை எடுத்து வைத்து, அதில் நீல மையால் பெயர் எழுதிச் சூளையில் போட்டுக் கொடுப்பார். ஒரு சங்கடம் என்னவென்றால், சூளை எப்போதாவதுதான் வைப்பார்கள். பந்தயம் முடிந்து பெயர் கொடுத்தால் அடுத்த சூளைக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதா, நம் டீச்சரா? பந்தயத்துக்கு முன்பே பெயரைக் கொடுத்துவிடுவார். சூளையில் வெந்த எழுத்தை அப்புறம் அழிக்க முடியாது, கோப்பையை உடைத்தால்தான் உண்டு.

ஒரு தடவை கோப்பையில் பெயர் இருந்தவள் தோற்றுவிட்டாள். டீச்சர் அசரவில்லை. அங்கேயே மூச்சடக்கும் போட்டி என்று ஒன்று வைத்தார். அதிலும் அவள் தோற்றாள். தண்ணீரில் விழுந்த தேங்காயை எடுக்கும் போட்டி வைத்தார். அதிலும் தோற்றாள். கடைசியில் பாவாடையைப் பிழிந்து முதலில் காயவைப்பவருக்குப் பரிசு என்று சொல்லி, அவளை ஜெயிக்க வைத்து, கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிற்று வலியே வந்துவிட்டது. அப்போது எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

பூங்காவனம் விஷயத்தில் அந்தக் கவலையே இல்லை. கோப்பையில் அவள் பெயர் எழுதினால் அவள்தான் ஜெயிப்பாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வருகிற பெண். கறுத்து ஒல்லியாக இருப்பாள், வகுப்பில் கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பாள். தண்ணீரில் விட்டால் வேறு ஆள். மூன்றாவது சுற்றில் மற்றவர்கள் மூச்சு வாங்கும்போது அவள் கல்லின் மேல் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருப்பாள்.

அவள் பள்ளியிறுதி வகுப்பில் இருந்த வருடம் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. மெட்ராஸில் பள்ளிப் பெண்களுக்கு நீச்சல் போட்டி. அதில் முதலாவதாக வருகிறவளை உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பில் சேர்த்துக்கொள்வார்கள். விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம், முடித்தால் வேலை. பூங்காவனத்தின் அப்பாவுக்குக் குத்தகை நிலம் கொஞ்சம், பெண்கள் நிறைய. பள்ளியிறுதி முடிந்ததும் இவளுக்குக் கல்யாணம் என்று முடிவு செய்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அவர்கள் வீட்டில் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள்.

"டீச்சரம்மா, பெண்ணாடத்துல கரும்பாலைல வேல பாக்குற மாப்ள. நல்ல எடம். ஒண்ணும் கேக்கல. வைகாசில வெச்சிக்கலாம்னு பேசியிருக்குது" என்றார் அப்பா.

"அதெல்லாம் வேணாங்க. ஒங்க பொண்ணுக்கு மெட்ராசுல எடம் கெடச்சாச்சி" என்றார் டீச்சர்.

நான் அவர் தொடையைக் கிள்ளினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"கெடச்சாச்சா?"

"கெடச்சாச்சிங்க. படிச்சி வந்தா வாத்தியாரம்மா. ஒங்க குடும்பத்தயே தூக்கி நிறுத்திடும்."

அந்த மனிதர் எழுந்து நின்றார். மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பிடீன்னா ஆலைக்காரங்களுக்கு ஆள் சொல்லி அனுப்பிச்சிடுறங்க. அவங்களயும் காக்க வெக்கக் கூடாதில்ல" என்றார். கதவோரம் நின்ற பூங்காவனம் முதல் முறையாக நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, டீச்சர் சொன்னது பொய் என்று எடுத்துச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "கெடச்சாச்சா டீச்சர்?"

"கெடச்சிடும் டீச்சர். நம்ம பூங்காவனத்த முந்த எவளாவது பொறந்திருக்காளா? ஒங்களுக்கு ஆர்டர் வந்துதா இல்லியா?"

இல்லை என்று எப்படிச் சொல்வது? வந்ததே.

புறப்படுவதற்கு முன்பே கோப்பையும் தயாராகிவிட்டது. இந்த முறை கழிவு இல்லை, பட்டறைக்காரர் நல்ல கோப்பையாகவே கொடுத்தார். 'பூங்காவனம், நீச்சலில் முதல் பரிசு, சென்னை.' டீச்சர் அதை ஹெட்மிஸ்ட்ரஸிடம் கொடுத்து, அப்பாவை வரவழைத்துப் பிரேயரில் கொடுக்கச் செய்தார். வேட்டி கட்டிய அந்த மனிதர் மேடையில் ஏறி, கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பந்தயத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

டீச்சரும் பூங்காவனமும் மெட்ராஸுக்குப் புறப்பட்டபோது நானும் துணைக்குப் போனேன். நீல காடாத் துணியில் அவளுக்கு நானே உடுப்புத் தைத்திருந்தேன். அந்தக் குளத்தைப் பார்த்ததும் பூங்காவனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி இத்தினி நீலமா இருக்குதே டீச்சர், நீலம் போட்டிருக்காங்களா? வேட்டிக்குப் போடற மாதிரி?"

நீள்சதுரக் குளம். நடுவில் கயிறு கட்டிப் பாதை பிரித்திருந்தார்கள். பந்தயம் பதினொரு மணிக்கு. பத்து மணி வாக்கில், பள்ளிக்கு ஒரு டீச்சர் வந்தால் விதிகளைச் சொல்லுவோம் என்று கூப்பிட்டார்கள். நான் உடுப்பு மாற்றும் அறையில் பூங்காவனத்தின் தோள்பட்டை நாடாவை இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தேன், போட்டுப் பார்த்தபோது அது தையல் விட்டுவிட்டது. வெளியே சயின்ஸ் டீச்சர் இருக்கிறாரே, அவர் போயிருப்பார் என்று இருந்துவிட்டேன். அவர் அங்கே இல்லை. தந்தி ஆபீஸில் இருந்தார்.

'பூங்காவனம் முதல் பரிசு. நாளைக் காலை வண்டியில் வருகிறோம்.' இதுதான் தந்தி. பிற்பகலில் கொடுத்தால் ஊருக்குப் போய்ச் சேர இருட்டிவிடும், அப்பாவுக்கு ஆள் அனுப்ப முடியாது, ஸ்டேஷனுக்கு மேளம் சொல்ல முடியாது. அதனால் முந்திக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டுக் குடையைப் பிடித்தபடி மூச்சிரைக்க ஓடி வந்தபோது பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள்.

விசில் ஊதினார்கள். பூங்காவனம் குதித்தாள். அவள் போன வேகத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பாதிக் குளத்திலேயே மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். எதிர்ச் சுவருக்கு வந்தாள். ஒரே எம்பு. கரையில் ஏறி, இரண்டு கையையும் தூக்கி நின்றாள்.

"ஜெயிச்சிட்டுது! நான் சொன்னேன்ல!" என்று டீச்சர் குடையை வீசிவிட்டுக் கை தட்டினார். நானும் தட்டினேன். எங்களைத் தவிர யாரும் தட்டவில்லை. மற்ற பெண்கள் ஒவ்வொருவராகச் சுவரைத் தொட்டுப் புரண்டு, வந்த வழியே திரும்பி நீந்திக்கொண்டிருந்தார்கள்.

பூங்காவனம் தூக்கிய கையை இறக்கவில்லை. அங்கிருந்து எங்களைப் பார்த்துக் கத்திக் கேட்டாள். "டீச்சர், ஏன் டீச்சர் அவங்கள்லாம் திரும்பிப் போறாங்க?"

போய்த் திரும்பி வந்தால்தான் பந்தயம். கரை ஏறினால் ஆட்டம் இழந்தவள். நீல கோட்டுப் போட்ட ஒருவர் இதை முதலில் இங்கிலீஷிலும் பிறகு தமிழிலும் எங்களுக்கு விளக்கினார். காலையில் சொன்னோமே, நீங்கள் வரவில்லையா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். டீச்சர் தரையில் கிடந்த குடையை எடுத்து, அதன் கம்பி ஒன்று வளைந்திருந்ததை நிமிர்த்திக்கொண்டே இருந்தார்.

இன்னொரு முறை தந்தி கொடுத்திருக்கலாம் அல்லவா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். நானும் அன்றைக்கே சொன்னேன். தந்தி ஆபீஸ் வாசல் வரைக்கும் போனார். திரும்பி வந்துவிட்டார். "கை வர்ல டீச்சர்" என்றார். கெட்ட செய்தி சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை.

ராத்திரி முழுக்க ரயிலில் அவர் அழுதுகொண்டே வந்தார். பூங்காவனம்தான் அவரைத் தேற்றிக்கொண்டு வந்தாள். "வுடுங்க டீச்சர். எனக்குத் தெரியல, ஒங்களுக்கும் தெரியல. அழுவாதீங்க."

விருத்தாசலம் ஜங்ஷனில் வண்டி நுழையும்போதே மேளச் சத்தம் கேட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ், பிள்ளைகள், கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு கூட்டம். அப்பா கையில் சாமந்தி மாலை. பெண்ணுக்குப் போடவில்லை, நேரே வந்து டீச்சர் கழுத்தில் போட்டார். குனிந்து காலைத் தொடப் போனவரை நான்தான் பிடித்துத் தூக்கினேன்.

டீச்சர் மாலையைக் கழற்றப் பார்த்தார். பூங்காவனம் சொன்னாள். "அப்பா, நான் தோத்துட்டேம்ப்பா."

அவர் சிரித்தார். "போடி வெளயாடாத. தந்தி வந்துதே!"

"நெசமாப்பா."

"தந்தில பொய் வருமா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. மேளக்காரருக்கு இன்னும் புரியவில்லை, அவர் கொட்டிக்கொண்டே இருந்தார்.

பெண்ணாடத்து மாப்பிள்ளைக்கு அதற்குள் வேறு இடத்தில் நிச்சயமாகியிருந்தது. மெட்ராஸ் படிப்பு என்று சொல்லி, வந்த வரனைத் தட்டிவிட்டு, படிப்பும் இல்லாமல் நின்ற பெண்ணைப் பற்றி ஊரில் நாலு விதமாகப் பேசினார்கள். அவமானம் தாங்காமல் அந்த மனிதர் பரீட்சை எழுதக்கூட விடாமல் அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை திட்டக்குடிக்கு அடுத்த மங்களூர்ப் பக்கம், முதல் மனைவியை இழந்தவர், அவளைவிட ரொம்ப மூத்தவர். எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. டீச்சர் மட்டும் அழைக்காத கல்யாணத்துக்குப் போய், பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டேன். அவரிடம் நான் கேட்டதில்லை.

அதோடு நீச்சல் சங்கம் முடிந்தது. திங்கட்கிழமைச் செய்தியும் நின்றது. டீச்சர் வாயிலிருந்து அதற்குப் பிறகு நடக்காத எதுவும் வரவில்லை. எதிரே பஸ் வருவது கண்ணுக்குத் தெரியும், "பஸ் வந்துடுச்சா டீச்சர்?" என்று கேட்டால், "நிக்கட்டும், பாக்கலாம்" என்பார். ஒரு நாள் அவர் கணவருக்கு நிஜமாகவே ஜங்ஷனுக்கு மாற்றல் வந்தது. அவர் வந்து ஈஸிசேரில் உட்கார்ந்து ஒரு வாரம் ஆன பிறகுதான் எங்களுக்கே தெரியும். பரீட்சை நேரத்தில் பயந்து அழும் பெண்கள் முன்பெல்லாம் அவரைத்தான் தேடி ஓடுவார்கள். இப்போது அவர் அறையைத் தாண்டிப் போனார்கள். ஊரில் சிலர், பட்டால்தான் புத்தி வரும் என்றார்கள். எனக்கு அந்தப் புத்தி பிடிக்கவில்லை. அந்தப் பொல்லாத பழைய ஆளையே எனக்குப் பிடித்திருந்தது.

எழுபதுகளின் பிற்பகுதி. கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம், ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அவள் கையைப் பிடித்தபடி பத்து வயதுப் பெண் குழந்தை. பூங்காவனம்தான். முன்பற்கள் துருத்தி, கன்னம் ஒட்டியிருந்தது. நான்தான் அடையாளம் கண்டுகொண்டேன். சயின்ஸ் டீச்சர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று பூங்காவனம் அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "இது எம்பொண்ணு. என்னாட்டமே நீந்துது. அஞ்சாவதோட நிறுத்திடலாம்னு அவரு சொல்றாரு. படிச்சி என்னா ஆவப்போவுதுன்னு கேக்குறாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அவருகிட்ட சண்ட போட்டாச்சும் இங்க கொண்டாந்து சேத்துடுவேன்."

"நான் என்னா சொல்றது?"

"அதான் டீச்சர், அப்ப எனக்குச் சொன்னீங்களே, அது மாதிரி."

"நான் சொல்லித்தானே ஒனக்கு இப்பிடி..." என்று ஆரம்பித்த டீச்சர், முடிக்கவில்லை.

"அத ஏன் பேசுறீங்க" என்றாள் பூங்காவனம். "அந்தக் கோப்ப எங்கிட்டதான் இருக்குது. உப்பு போட்டு வெச்சிருக்கேன். எம்மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. இவளுக்கு மட்டும் எழுத்துக்கூட்டிப் படிச்சிக் காட்டுனேன். நீங்க சொன்னதுலேர்ந்து மெட்ராசு போற வரைக்கும் நான் ஜெயிச்சவளாத்தான் இருந்தேன் டீச்சர். எங்கப்பா எனக்கு மொதல்ல சோறு போட்டு அப்பறம் அவரு சாப்புட்டாரு. அத்தோட சரி. அதுக்கப்பறம் என்னப் பத்தி எவரும் நல்லதா ஒண்ணும் சொன்னதில்ல."

குழந்தை டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தது. எண்ணெய் வழிய வாரிப் பின்னியிருந்தார்கள். சொல்லப் போகிறார் என்று அது வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. நானும்தான் காத்திருந்தேன். சொல்லித் தொலையேன் டீச்சர் என்று மனசுக்குள் கத்தினேன்.

டீச்சர் குழந்தையின் தலையில் கை வைத்தார். "பாக்கலாம்மா" என்றார்.

பூங்காவனம் குழந்தையின் பின்னலைச் சரி செய்தாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "சரிங்க டீச்சர். போயிட்டு வரேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர்கள் வெயிலில் மைதானமில்லாத எங்கள் வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போவதை ஜன்னலில் பார்த்தோம். குழந்தை அம்மாவிடம் ஏதோ கேட்டது, அம்மா தலையை ஆட்டினாள். டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது ஜெயிச்சிடும்" என்றார் திடீரென்று. "அது ஜெயிச்சிட்டுது டீச்சர். படிச்சி டீச்சரா வந்து இங்கியே, இந்த ரூம்லயே உக்காந்திருக்குது."

அந்தக் குரலைக் கேட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். கேட்டைத் தாண்டும்போது திட்டக்குடி பஸ் மூலையில் திரும்பிக்கொண்டிருந்தது. கையைத் தட்டிக் கூப்பிட்டேன், கண்டக்டர் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் முந்திச் சொன்னவர் இதை ஒன்றைத்தான் பிந்திச் சொன்னார்.

திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க டீச்சர்."

"பரவால்ல. ஜூன்ல வந்துடும். நீங்க அதுக்கு ஒரு உடுப்பு தெச்சி வையுங்க."

மங்களூருக்கு ஒரு கார்டு போட்டோம், பதில் வரவில்லை. கண்ணளவில்தான் அந்த உடுப்பைத் தைத்தேன், இந்த முறை தோள்பட்டை நாடாவை இரட்டைத் தையலாகவே போட்டேன். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு போய் பஸ் நிற்கும் இடத்தில் நின்றார். மங்களூர்ப் பக்கத்திலிருந்து வரும் பஸ் ஒவ்வொன்றும் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. மணி அடித்த பிறகும் டீச்சர் பள்ளிக்குத் திரும்பவில்லை. நான்தான் போய்க் கூட்டி வந்தேன்.